ஐயா வீட்டுத் தாள்

எங்கள் அப்பாவுக்குக் குறி தப்பாது என்று விக்கிரமங்கலத்திலிருந்து உடையார்பாளையம் வரைக்கும் பேச்சு உண்டு. மருதையாறு ரைபிள் கிளப்பின் வருடாந்திரக் கேடயத்தைப் பதினோரு தடவை தொடர்ந்து வாங்கியவர். ஒவ்வொரு வருடமும் இவருக்கே போவதால் கேடயத்தைக் கிளப்பில் வைப்பதையே விட்டுவிட்டார்கள். அது எங்கள் வீட்டு ஹாலில், டி.வி.க்கு மேலே நிரந்தரமாகக் குடியிருந்தது. அதைத் துடைக்கிற வேலை என்னுடையது. சின்ன வயதில் பெருமையோடு துடைத்தேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது.

கிளப் என்றதும் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அரியலூருக்கு மேற்கே சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட ஒரு பள்ளம். அது எங்கள் நிலம். அதில் ஒரு தகரக் கொட்டகை, பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி, துப்பாக்கிகளைப் பூட்டி வைக்க ஒரு இரும்பு அலமாரி. வாசல் போர்டில் கிளப்பின் பெயர் அப்படியே இருந்தது. கீழே மாவட்டத்தின் பெயரை மட்டும் பெரம்பலூர், அரியலூர், மறுபடியும் பெரம்பலூர் என்று அரசாங்கம் மாற்ற மாற்ற இவர்களும் அழித்து அழித்து எழுதினார்கள். உறுப்பினர்கள் பதினாறு பேர், எல்லாரும் நிலபுலம் உள்ள ஐயாக்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுட்டுவிட்டு, மதியம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, யார் எத்தனை சுட்டோம் என்று மாலை வரைக்கும் பேசிவிட்டுக் கலைவார்கள். அப்பா கிருஷ்ணமூர்த்திதான் செயலாளர்.

சுடுகிற இடத்திலிருந்து இருபத்தைந்து மீட்டர் தள்ளி மண்மேடு. அதன் முன்னால், உட்கார்ந்தால் ஆளே தெரியாத ஆழத்துக்கு ஒரு குழி. அந்தக் குழியில் அமாவாசை இருப்பார். எங்கள் கொல்லையில் குடிசை போட்டுக் குடியிருந்தவர். கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து தாள் மாற்றுகிற வேலை அவருக்கு. வட்டம் போட்ட தாளைச் சட்டத்தில் ஒட்டி, கயிற்றை இழுத்து மேலே ஏற்றுவார். பத்துத் தோட்டா முடிந்து விசில் ஊதினால் சட்டத்தைக் குழிக்குள் இறக்கி, தாளைக் கழற்றி எடுத்துக்கொண்டு மேலே ஏறி வருவார். மற்றவர்கள் தாளை ஒரு கையால் கொடுப்பார். அப்பாவின் தாளை மட்டும் இரண்டு கையாலும் நீட்டுவார்.

2005 பொங்கல் கழிந்து கிளப்புக்கு ஒரு புதுக் கைத்துப்பாக்கி வந்தது. அதுவரை நீளத் துப்பாக்கிதான். தோளில் முட்டுக் கொடுத்து, மேஜையில் முழங்கையை ஊன்றிச் சுட்டே பழகிய ஐயாக்களுக்கு இந்தப் பிஸ்டல் வசப்படவில்லை. முதல் ஞாயிறு ஒருவருக்கு இரண்டு, ஒருவருக்கு மூன்று, ஒருவருக்கு ஒன்றுமே இல்லை. அப்பாவுக்கு மட்டும் எட்டு.

“புதுசுல்ல, சைட்டு சரியா செட் ஆகல” என்றார் அப்பா. ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பின்பக்கத்துக் குறிமுள்ளை ஒரு திருகு திருகினார். அடுத்த வாரம் அவருக்கு ஒன்பது. அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் திருகினார். அந்தத் திருகாணியைத் தொட வேறு யாருக்கும் தைரியம் வரவில்லை. கிருஷ்ணமூர்த்தி கைராசி என்றார்கள்.

நான் அந்தக் கிளப்புக்குள் நுழைந்தது அப்பாவின் தாராள மனத்தால் என்று யாராவது நினைத்தால் தப்பு. ஒவ்வொரு கிளப்பிலும் பெண் உறுப்பினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று மாநிலச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அப்பா யோசிக்காமல் ‘கி. லாவண்யா’ என்று எழுதி அனுப்பிவிட்டார். பெரம்பலூரில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு இரண்டு வருடமாக வீட்டில் பருப்பு களைந்துகொண்டிருந்த எனக்கு, என் பெயர் ஏதோ ஒரு பட்டியலில் இருக்கிறது என்பதே பெரிய விஷயமாகத் தெரிந்தது. ஞாயிறு ஆண்களின் நாள். நான் செவ்வாயும் வியாழனும் மத்தியானத்தில் அப்பாவோடு போவேன். அவர் முந்திரிக் காட்டு ஆட்களோடு போனில் பேசிக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருப்பார். அந்த நாட்களில் அமாவாசைக்கு வயல் வேலை. நானே தாளை ஒட்டுவேன், நானே நடந்து போய்ப் பார்ப்பேன்.

முதல் நாள் பத்தில் இரண்டுதான் தாளில் பட்டது. இரண்டும் இடப்பக்கம் கீழே, மூலையில். அப்பா வழக்கம்போல “சைட்டைத் திருகணும்” என்றார். மறு வாரம் திருகியும் பார்த்தார். தோட்டாக்கள் வேறு மூலைக்குப் போயின, அவ்வளவுதான்.

பிஸ்டல் வந்த டப்பாவில் ஒரு விவரப் புத்தகம் கிடந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் பதினாறு ஐயாக்களில் ஒருவரும் அதைப் பிரிக்கவில்லை. நான் அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். ஆனால் எனக்கு உண்மையைச் சொன்னது புத்தகம் இல்லை, ஒரு நமுத்த தோட்டா. மழைக்காலத்துக்கு முந்தின பழைய சரக்கில் ஒன்று வெடிக்காமல் போயிற்று. ட்ரிகரை இழுத்தேன், ‘டிக்’ என்றது, சத்தம் இல்லை. ஆனால் சுடாத துப்பாக்கியின் மூக்கு என் கையில் தானாகக் கீழே குனிந்தது. அடி விழப்போகிறது என்று பயந்து, அடிக்கு முன்னாலேயே நான் குனிந்திருக்கிறேன். ஒவ்வொரு தோட்டாவுக்கும் இதைத்தான் செய்திருக்கிறேன். திருகாணி மேல் ஒரு குற்றமும் இல்லை.

அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை. அதைவிட அதிகமாகச் சந்தோஷமும் வந்தது. குற்றம் என்னிடம் இருக்கிறது என்றால் திருத்த முடியும்.

சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டைத் துப்பாக்கிக்குள் போட்டு, குழலின் மேல் ஒரு எட்டணாவை வைத்து, அது விழாமல் ட்ரிகரை அழுத்தப் பழகினேன். இழுப்பது இல்லை, அழுத்துவது. எப்போது வெடிக்கும் என்று எனக்கே தெரியக்கூடாது. கை நடுங்காமல் இருக்க, வீட்டில் இஸ்திரிப் பெட்டியை நீட்டிப் பிடித்தபடி நூறு எண்ணுவேன். “தேய்க்கிறதுன்னா தேய், இல்லன்னா கீழ வை” என்று அம்மா கத்துவாள். குறியைப் பார்க்கக் கூடாது, துப்பாக்கி முனையில் நிற்கிற முள்ளைப் பார்க்க வேண்டும், குறி மங்கலாகத்தான் தெரியும் என்றது புத்தகம். மங்கலாகத் தெரிவதை நம்பிச் சுட எனக்கு நான்கு மாதம் பிடித்தது.

ஆடி மாதத்தில் பத்தும் தாளில் விழுந்தன. ஆனால் மொத்தமாக வலப்பக்கம் மேலே. இப்போது அது என் குற்றம் இல்லை, அப்பா திருகிய திருகு. நானே திருகாணியைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்து வைத்தேன். அந்த ஞாயிறு, என்னால் மாற்றப்பட்ட அதே துப்பாக்கியில் அப்பா வழக்கம்போல ஒன்பது சுட்டார். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அப்பா மேல் வைத்திருந்த பக்தி கண்ணை மறைத்துவிட்டது.

அடுத்த தை மாதம் செய்தித்தாளில் ஒரு விளம்பரம் பார்த்தேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் குமாஸ்தா வேலை. மாநிலப் போட்டியில் கலந்துகொண்டிருந்தால் விண்ணப்பிக்கலாம். வயது இருபத்தைந்து தாண்டக்கூடாது. எனக்கு ஜூனில் இருபத்தைந்து முடிகிறது. மாநிலப் போட்டிக்கான எங்கள் பக்கத்துத் தேர்வு மாசியில், எங்கள் கிளப்பிலேயே நடக்க இருந்தது.

அப்பாவிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

“செலக்ட் ஆனியன்னா வேலைக்குப் போ, நான் தடுக்கல. இல்லன்னா சித்திரையில பெரம்பலூர் உரக்கடைக்காரங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். பேசி முடிச்சிடலாம்.”

“பேச்சு மாற மாட்டீங்களே?”

“உங்கப்பன் என்னைக்கு மாறியிருக்கேன்” என்றார்.

தேர்வுக்கு மாநிலச் சங்கத்தின் சார்பில் திருச்சியிலிருந்து வைத்திலிங்கம் என்பவர் நடுவராக வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். கொட்டகையில் கொடுத்த இளநீரைக்கூட ஆட்டம் முடிந்துதான் குடித்தார். பத்தில் எட்டுத் தோட்டாவாவது கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தால் தேர்வு, அவ்வளவுதான் விதி. அப்பா அன்றைக்குச் சுடவில்லை. நடத்துகிறவன் போட்டியிடுவது அழகில்லை என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்தேன். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்காத விஷயங்களில் அதுவும் ஒன்று.

நான் ஏழாவது ஆளாகச் சுட்டேன். பத்துத் தோட்டாவும் எப்போது வெடித்தன என்று எனக்குத் தெரியாது. அப்படித்தான் இருக்க வேண்டும். கடைசித் தோட்டா போனதும் முழுசாக மூச்சு விட்டேன். தாளைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. பதின்மூன்று மாதத்தில் நான் அவ்வளவு நன்றாகச் சுட்டதே இல்லை.

விசில் ஊதினார்கள். சட்டம் கீழே இறங்கியது. அமாவாசை வெளியே வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. என் தாளை இரண்டு கையாலும் நீட்டியபடி வந்தார்.

வைத்திலிங்கம் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். பிறகு, யாரையும் கேட்காமல் நடந்து போய்க் குழிக்குள் இறங்கி, தாளுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி என் முறைக்கு முன்னால் அவரே புதிதாக ஒட்டி வைத்திருந்த இன்னொரு தாளைக் கழற்றிக் கொண்டுவந்தார். முன்தாளைத் துளைத்த தோட்டா பின்தாளையும் துளைத்திருக்க வேண்டும். நீளத் துப்பாக்கி ஐயாக்களுக்கு அந்த ஏற்பாடு எதற்கென்றே தெரியாது.

“இதுல ஒம்பது ஓட்டை இருக்கு” என்றார். “ரெண்டு தோட்டா போட்ட ஓட்டை இல்ல. தோட்டா துளைச்சா ஓரத்துல ஈயக் கறை வட்டமா இருக்கும். இந்த ரெண்டுலயும் பென்சில் கரி இருக்கு. பின்தாள்ல இதுக்கு நேரா ஓட்டையும் இல்ல.”

எனக்கு முதலில் அவர் என்ன சொல்கிறார் என்றே புரியவில்லை.

“நான் பத்தும் உள்ளதான் சார் சுட்டேன்” என்றேன். “நடுவுல பெரிசா கிழிஞ்சிருக்கு பாருங்க. ஒரே இடத்துல நாலு போயிருக்கு.”

“போயிருக்கலாம்மா. பின்தாள்லயும் அங்க கிழிசல்தான் இருக்கு. அதுக்குள்ள நாலும் போயிருக்கலாம், ஒண்ணும் போயிருக்கலாம். கைவச்ச தாளை வச்சுக்கிட்டு நான் ஊகம் பண்ண முடியாது.” அவர் அப்பா பக்கம் திரும்பினார். “சுடுறவங்களுக்குத் தெரியாம இங்க வேலை பாக்கிறவங்க பண்ணியிருந்தா, பண்ணுனவங்க எழுதிக் குடுக்கட்டும். நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு இந்தப் பொண்ணு திரும்பச் சுடலாம். இல்லன்னா மோசடின்னு எழுதிட்டுப் போவேன். அப்புறம் எந்தப் போட்டிக்கும் வர முடியாது.”

அப்பா தலையை ஆட்டினார்.

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அமாவாசை கொல்லைப்புறமாக வந்து நின்றார். அப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நானும் அம்மாவும் பின்கதவருகே இருந்தோம்.

“பாப்பா, நான்தான் குத்துனேன்” என்றார். “எண்ணிப் பாத்தேன், ஏழுதான் இருந்துச்சு. எட்டு வேணும்னு காலையில பேசிக்கிட்டாங்க. நம்ம ஐயா வூட்டுத் தாளு, கொறைஞ்சு போவக் கூடாதேன்னு ரெண்டு குத்துனேன். பத்தாக்குனா சந்தேகப்படுவாங்க, அதான் ஒம்பதோட நிறுத்திக்கிட்டேன்.”

“ஏழு இல்ல அமாவாசைண்ணே. நடுவுல ஒரே ஓட்டையில நாலு போயிருந்துச்சு.”

அவர் என்னை நம்பாமல் பார்த்தார்.

“ஒரே ஓட்டையில நாலா? இத்தினி வருசத்துல அப்படி ஒரு தாளை நான் பாத்ததில்லையே பாப்பா.”

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நன்றாகச் சுட்டால் தாள் எப்படி இருக்கும் என்று அவருக்கு யார் காட்டியிருக்கிறார்கள்? அந்தக் குழியில் உட்கார்ந்து அவர் பார்த்ததெல்லாம் ஐயாக்கள் சுட்ட தாள். என் அப்பா சுட்ட தாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. முதல் வாரத்து எட்டு, திருகாணி, நான் மாற்றிவைத்த பிறகும் வந்த ஒன்பது, டி.வி.க்கு மேலே இருக்கிற கேடயம்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் அமாவாசையை அடிக்கப் போகவில்லை. ஏண்டா இப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. எத்தனை வருடமாக என்றும் கேட்கவில்லை. துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்டது ஒன்றுதான்.

“குத்துனப்ப யாராச்சும் பாத்தாங்களா?”

“யாரும் பாக்கலைங்க ஐயா. காலையில நானே அந்தத் திருச்சி ஐயாகிட்டச் சொல்லி எழுதிக் குடுத்துர்றேங்க. கைநாட்டு வச்சா போதும்ல?”

“நீ ஒண்ணும் குடுக்க வேணாம்.”

“அப்பா” என்றேன்.

“நீ சும்மா இரு. இவன் வாயைத் தொறந்தான்னா அந்த ஆளு சும்மா வுடுவாரா? இன்னும் யாருக்கெல்லாம் குத்துனன்னுதான் அடுத்தது கேப்பாரு. இவனுக்குப் பொய் சொல்ல வராது.”

“பொய் சொல்ல வராத ஆளுதான் பதினோரு வருசமா குத்தியிருக்காரு.”

அப்பாவின் முகம் சுருங்கிப் போயிற்று. கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அவர் குரலைத் தணித்து, நியாயம் பேசுகிறவராகப் பேசினார்.

“நான் குத்தச் சொன்னதில்லம்மா. அவனா ஆரம்பிச்சான். முதல் வருசம் எனக்கே தெரியாது. தெரிஞ்சப்புறம் வேணாம்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள ஊரே பேச ஆரம்பிச்சிருச்சு. நீ கட்டிக்குடுத்தா போயிடற பொண்ணு. பெரம்பலூர்ல உன் பேரு யாருக்குத் தெரியப்போவுது? நான் இந்த ஊர்லதான இருக்கணும்.”

“எனக்கு இதான் கடைசி வருசம்ப்பா. ஜூனோட வயசு முடிஞ்சிரும்.”

“வேலைக்குப் போய்த்தான் நீ சாப்பிடணுமா?” என்றாள் அம்மா. அவள் குரலில் கோபம்கூட இல்லை, என் அறியாமை மேல் இரக்கம்தான் இருந்தது. “உங்கப்பாவுக்கு இருக்கறதே அந்தப் பேரு ஒண்ணுதான்.”

அமாவாசை கையைப் பிசைந்துகொண்டு நின்றார். “பாப்பாவுக்கு நான் பண்ணுன பாவம் ஐயா. எழுதிக் குடுத்துர்றேனே.”

“எழுதிக் குடுத்துட்டு எங்க போய்க் குடியிருப்ப?” என்றார் அப்பா, மிக மெதுவாக.

அமாவாசை வந்த வழியே போய்விட்டார். நான் அப்பாவின் காலில் விழவில்லை. விழுந்திருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்?

மறுநாள் ஒன்பது மணிக்கு வைத்திலிங்கம் மேஜையில் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐயாக்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

“விசாரிச்சீங்களா சார்?”

“விசாரிச்சேங்க. யாரு பண்ணுனாங்கன்னு தெரியலை” என்றார் அப்பா.

நான் முன்னால் வந்து பேசினேன். “அமாவாசைதான் சார் பண்ணுனாரு. எனக்குத் தெரியாது. எங்கப்பாவுக்கும் வருசா வருசம் அவர்தான் குத்துறாரு. நேத்து சாயங்காலம் எங்க வூட்டுல வந்து அவரே சொன்னாரு.”

கொட்டகையில் ஒருத்தர் செருமினார். வைத்திலிங்கம் அமாவாசையைக் கூப்பிட்டார். அமாவாசை துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்து நின்றார். அவர் என்னையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை.

“இந்தப் பொண்ணு சொல்றது உண்மையா?”

“இல்லைங்க சாமி. நான் எதுவும் குத்தலைங்க. பாப்பா பயத்துல சொல்லுது.”

பொய் சொல்ல வராது என்றார்களே. நன்றாகவே வந்தது. வேண்டியவர்கள் வேண்டிய விதத்தில் கேட்டால் யாருக்கும் வரும். அவர் மேல் எனக்கு அந்த நிமிஷம் கோபம் வந்தது உண்மை. ஆனால் அது அவரிடம் போய்ச் சேர வேண்டிய கோபம் இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

வைத்திலிங்கம் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். புரிந்ததை வைத்து எழுத முடியாது. பேனாவைத் திறந்து, ‘மோசடி, தகுதி நீக்கம்’ என்று எழுதினார். கீழே கிளப் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். அப்பா போட்டார்.

“சார், ஒரு பத்துத் தோட்டா நான் சுட்டுக் காட்டட்டுமா?” என்றேன். “நீங்க எதுவும் எழுத வேணாம். பாத்தா போதும்.”

அவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார். பிறகு தானே புதுத் தாளையும் பின்தாளையும் எடுத்துக்கொண்டு போய் ஒட்டிவிட்டு வந்தார். குழிக்குள் யாரையும் இறங்க விடவில்லை. நான் சுட்டேன். முள்ளை மட்டும் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் குறி வழக்கத்தைவிட மங்கலாகத் தெரிந்தது. நல்ல வேளை, அதைப் பார்க்கத் தேவையில்லை.

அவரே போய்க் கழற்றிக்கொண்டு வந்தார். இரண்டு தாளையும் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கண்ணாடியால் பார்த்தார். நடுவில் ஒரு கிழிசல், சுற்றிலும் நெருக்கமாக ஓட்டைகள்.

“பத்தும் உள்ள” என்றார். “நேத்தும் இப்படித்தான் சுட்டிருப்பீங்க. தெரியுது. ஆனா இதை எழுத எங்கிட்ட இப்ப எடமில்லம்மா.” தாளை மேஜை மேல் வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா தாளை எடுத்து, மடங்காமல் சுருட்டி, காரின் பின்சீட்டில் வைத்தார். என்னிடம் கொடுப்பார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வேலைக்கான கடைசித் தேதி பங்குனியில் முடிந்தது. கிளப்பில் நான் சொன்னதை யாரும் வெளியே பேசவில்லை. தோற்ற ஆத்திரத்தில் பெற்ற தகப்பனையே காட்டிக்கொடுக்கப் பார்த்த பெண் என்று மட்டும் பேசினார்கள். அமாவாசை என்னைக் கண்டால் வேறு வழியில் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் குழியில் இறங்குவதை அவர் நிறுத்தவில்லை, அப்பாவுக்கு எட்டும் ஒன்பதுமாக வந்துகொண்டுதான் இருந்தது.

சித்திரை இரண்டாவது வாரம் பெரம்பலூர்க்காரர்கள் வந்தார்கள். உரக்கடைக்காரர், அவர் மனைவி, மாப்பிள்ளை பிரேம்குமார், கூட இரண்டு பேர். அம்மா எனக்குத் தலை நிறையப் பூ வைத்துவிட்டாள். நான் காபித் தட்டோடு ஹாலுக்குள் வந்தபோது எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேடயத்துக்குப் பக்கத்தில், நான் அதுவரை பார்த்திராத ஒரு புதுக் கண்ணாடிச் சட்டம் மாட்டியிருந்தது. உள்ளே ஒரு தாள். நடுவில் ஒரு கிழிசல், சுற்றிலும் நெருக்கமாக ஓட்டைகள். அன்றைக்குக் காலையில்தான் மாட்டியிருக்க வேண்டும்.

“பத்துத் தோட்டாவா? எல்லாம் ஒரே எடத்துல இருக்கே” என்று உரக்கடைக்காரர் வியந்தார்.

“மாசியில சுட்டதுங்க” என்றார் அப்பா. “திருச்சியிலேருந்து வந்த நடுவரே கண்ணாடி வச்சுப் பாத்துட்டு அசந்து போயிட்டாரு. நமக்கு இன்னும் கை நிக்குதுங்க.”

தட்டை டீப்பாயில் வைத்தேன். யாரையும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நான் நிமிர்ந்து உரக்கடைக்காரரை நேராகப் பார்த்தேன்.

“அது நான் சுட்டது” என்றேன்.

முதலில் அப்பா சிரித்தார். தொடர்ந்து அம்மா சிரித்தாள். பிறகு எல்லாரும், மாப்பிள்ளை உட்பட, வாய்விட்டுச் சிரித்தார்கள். உரக்கடைக்காரருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“பொண்ணு தமாஷா பேசுதே” என்றார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “எங்களுக்குப் பிடிச்சிருக்குங்க.”

வைகாசி முதல் முகூர்த்தத்துக்கு நாள் பார்த்தார்கள்.